மின்ஸ்க், 1980: எலேனா முகினாவின் விபத்துக்கு முன்னும் பின்னும்

1980 ஜூலை 3. மாஸ்கோ ஒலிம்பிக்ஸ் தொடங்க 16 நாள்தான் பாக்கி. பெலாரஸின் மின்ஸ்க் நகரில் சோவியத் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் கடைசிக்கட்டப் பயிற்சி முகாம் நடந்துகொண்டிருந்தது. 20 வயது எலேனா முகினா தரைப்பயிற்சி என்ற போட்டிப் பிரிவுக்காகப் புதிதாகச் சேர்த்திருந்த ஒரு கரணத்தைப் போட்டார். வேண்டிய உயரம் கிடைக்கவில்லை. சுழற்சி முடிவதற்குள் தரை வந்துவிட்டது. முகவாய் தரையில் மோதியதில் கழுத்து முள்ளெலும்பு உடைந்தது. அதற்குப் பிறகு அவர் தன் காலில் நிற்கவே இல்லை. 2006 டிசம்பர் 22 அன்று மாஸ்கோவில் இறந்தபோது அவருக்கு வயது 46.

இந்தச் சம்பவத்தை வழக்கமாக இரண்டு விதமாகச் சொல்வார்கள். பெண்கள் செய்யக் கூடாத ஒரு கரணம் ஒரு சாம்பியனை முடக்கிப் போட்டது என்பது ஒன்று. ஈவிரக்கமில்லாத ஒரு பயிற்சியாளர் அவளை நாசமாக்கினார் என்பது இன்னொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுமே ஒரு விஷயத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன. அந்தக் கரணம் ஆபத்தானது என்று முகினாவுக்கு நன்றாகவே தெரியும். அதைப் பயிற்சியாளரிடம் வாய்விட்டுச் சொல்லியும் இருக்கிறார். சொன்ன பிறகும் எதுவும் மாறவில்லை என்பதுதான் இங்கே ஆராய வேண்டிய விஷயம்.

அவர் பிறந்தது 1960 ஜூன் 1, மாஸ்கோவில். சின்ன வயதிலேயே ஒரு தீவிபத்தில் தாயை இழந்தார். தந்தை விலகிப்போய்விட்டார். பாட்டி அன்னா இவானோவ்னாதான் வளர்த்தார். வகுப்புக்கு வந்த ஒரு பயிற்சியாளர் ஜிம்னாஸ்டிக்ஸில் யாருக்கு ஆசை என்று கேட்டாராம். அந்த நிமிஷம் சந்தோஷத்தில் கத்தாத குறைதான் என்று முகினா பின்னாளில் சொல்லியிருக்கிறார். கூச்ச சுபாவமுள்ள பெண். அபாரத் திறமை என்று ஆரம்பத்தில் யாரும் அவரைத் தூக்கிவைத்துப் பேசவில்லை. 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்ஸ் அணியிலும் இடம் கிடைக்கவில்லை.

திருப்பம் 1974இல் வந்தது. மாஸ்கோவின் ராணுவ விளையாட்டுக் கழகத்தில் மிகாயில் கிளிமென்கோ என்ற பயிற்சியாளரிடம் போய்ச் சேர்ந்தார். கிளிமென்கோ அதுவரை ஆண்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அவருடைய தம்பி விக்டர் கிளிமென்கோ 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸில் பொம்மல் ஹார்ஸ் கருவியில் தங்கம் வாங்கியவர். இந்தப் பின்னணியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் எந்தெந்தக் கடினமான அசைவுகள் முளைவிடுகின்றன, அவற்றில் எதைப் பெண்கள் பக்கம் கொண்டுவரலாம் என்று யோசிக்கும் கண் அவருக்கு இருந்தது. முகினாவை உலகச் சாம்பியனாக்கியதும் அந்தக் கண்தான். அவருடைய கழுத்தை உடைத்த கரணத்தைத் தேர்ந்தெடுத்ததும் அதே கண்தான்.

அந்தக் காலத்துச் சூழலையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1972இல் சோவியத்தின் ஓல்கா கோர்புட் மியூனிக்கில் செய்த சாகசங்கள் உலகத்தையே டிவி முன்னால் உட்காரவைத்தன. 1976இல் ருமேனியாவின் 14 வயது நாடியா கொமனேச்சி மான்ட்ரியாலில் முழு 10 மதிப்பெண் வாங்கினார். 1952 ஒலிம்பிக்ஸிலிருந்தே பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸைத் தங்கள் சொந்த வீட்டுச் சொத்து மாதிரி வைத்திருந்த சோவியத் அமைப்புக்கு அது தாங்க முடியாத அடி. நேர்த்தியாகச் செய்தால் போதும் என்ற காலம் முடிந்துபோனது. யாரும் செய்யாததைச் செய்து காட்ட வேண்டும். அணிக்குள்ளேயே போட்டி எப்படி இருந்தது என்றால், உலகத்தின் முதல் பத்துப் பேரில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். ஒருவர் தளர்ந்தால் பின்னால் மூன்று பேர் தயாராக நிற்பார்கள்.

முகினா காயங்களோடுதான் மேலே வந்தார். 1975இல் லெனின்கிராடில் நடந்த ஒரு போட்டியில் தலைகுப்புற விழுந்து, கழுத்து முள்ளெலும்பின் நீட்சிகள் பெயர்ந்தன. மருத்துவமனையில் இருந்த அவரை, டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு கிளிமென்கோ ஜிம்முக்கு அழைத்துப்போய், கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டுப் பயிற்சி கொடுத்தார் என்று ரஷ்யப் பத்திரிகைகள் பிற்பாடு எழுதின. அப்போது அவருக்கு வயது 15. மின்ஸ்கில் உடைந்ததும் கழுத்துதான் என்பதால், ஐந்து வருஷம் முந்தைய இந்தக் காயத்தை இந்த ஆய்வின் முதல் ஏடாகவே வைக்க வேண்டியிருக்கிறது. 1980இல் என்ன நடக்கப்போகிறது என்று 1975இல் யாருக்கும் தெரிந்திருக்க முடியாது, சரி. ஆனால் ஒரு பழக்கம் அப்போதே வேர்விட்டுவிட்டது. டாக்டர் ஒன்று சொல்வார், ஜிம்மில் வேறொன்று நடக்கும், நடுவில் இருக்கும் சிறுமி வாய் திறக்க மாட்டாள்.

அப்புறம் வந்த இரண்டு ஆண்டுகளில் அவர் வளர்ந்த வேகம் அசாத்தியமானது. 1977இல் பிராகாவில் நடந்த ஐரோப்பியச் சாம்பியன்ஷிப்பில், எல்லாக் கருவிகளின் மதிப்பெண்ணையும் சேர்த்துப் பார்க்கும் ஒட்டுமொத்தப் பிரிவில் கொமனேச்சிக்கு அடுத்த இடம். தனித்தனிக் கருவிகளில் மூன்று தங்கம். கம்பிகளில் கோர்புட் செய்த பின்கரணத்தை எடுத்து, அதில் ஒரு முழுத் திருகலைச் சேர்த்துக் காட்டினார். உயரக் கம்பியின் மேல் நின்று பின்னோக்கிப் பாய்ந்து, காற்றில் உடலைத் திருகி, மறுபடியும் அதே கம்பியைப் பிடிப்பது! இன்று அந்த வகை அசைவுகளே வழக்கொழிந்துவிட்டன. கம்பியில் நிற்பதையே விதிகள் பின்னாளில் ஒழித்துவிட்டன. பழைய காணொளிகளில் பார்த்தால் இப்போதும் நெஞ்சு ஒரு நொடி நின்று துடிக்கும். தரைப்பயிற்சியில் இரட்டைப் பின்கரணத்துக்குள் ஒரு முழுத் திருகலைச் செருகிச் செய்தார். அது இன்றைக்கும் விதிப்புத்தகத்தில் ‘முகினா’ என்றே பதிவாகியிருக்கிறது.

1978 அக்டோபரில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் உலகச் சாம்பியன்ஷிப். சக சோவியத் வீராங்கனைகள் நெல்லி கிம், நடாலியா ஷபோஷ்னிகோவா, ருமேனியாவின் கொமனேச்சி எல்லோரும் களத்தில் இருந்தார்கள். முகினா ஒட்டுமொத்தத் தங்கத்தைத் தட்டிச் சென்றார். கிம்முக்கு வெள்ளி, ஷபோஷ்னிகோவாவுக்கு வெண்கலம். உயரமும் எடையும் கூடி உடல் மாறிக்கொண்டிருந்த கொமனேச்சி நான்காவது இடத்துக்குப் போனார். அணித் தங்கம், கிம்மோடு பகிர்ந்துகொண்ட தரைப்பயிற்சித் தங்கம், கம்பியிலும் பீம் என்ற ஒடுக்கமான சட்டத்திலும் வெள்ளி என்று மொத்தம் ஐந்து பதக்கங்கள். மான்ட்ரியாலுக்குக்கூட அழைத்துப் போகப்படாத பெண், இரண்டே வருஷத்தில் உலகத்தின் உச்சியில்.

அதே ஸ்ட்ராஸ்பூர்கில் ஆண்கள் தரைப்பயிற்சித் தங்கத்தை வென்றவர் அமெரிக்காவின் கர்ட் தாமஸ். மின்ஸ்க் கரணத்துக்கு அவர் பெயர்தான் இருக்கிறது.

அந்தக் கரணம்

தாமஸ் கரணம் எப்படி இயங்குகிறது என்று புரிந்துகொள்ளாமல் இந்தச் சம்பவத்தைப் பேசுவது கஷ்டம். ஓடிவந்து, வேகத்தைப் பின்னோக்கித் திருப்பி, காலால் உந்தி எம்ப வேண்டும். காற்றில் ஒன்றே முக்கால் கரணம். அதற்குள்ளேயே உடலை ஒன்றரைச் சுற்று திருகவும் வேண்டும். மற்றக் கரணங்கள் காலில் முடியும். இது காலில் முடிவதில்லை. கடைசிக் கணத்தில் ஆட்டக்காரர் தலைகீழாக, முகம் முன்னால் இருக்க, தரையை நோக்கிப் பாய்ந்து வருகிறார். கைகள் முதலில் தொட வேண்டும். உடனே தலையை நெஞ்சோடு ஒடுக்கி, தோள், மேல்முதுகு வழியாக உருண்டு எழ வேண்டும்.

காலில் இறங்கும் கரணத்தில் சுழற்சி கொஞ்சம் குறைந்தால் என்ன ஆகும்? முன்னால் தடுமாறி விழுவார்கள், கணுக்கால் பிசகும், முட்டி அடிபடும். மோசமானால் எலும்பு முறியும். உடலுக்கும் தவறுக்கும் நடுவில் இரண்டு கால்கள் இருக்கின்றன. உருண்டு முடியும் கரணத்தில் அந்த இடைவெளி கிடையாது. சுழற்சி குறைந்தால் முதலில் தரையைச் சந்திப்பது முகவாய். கூடினால் பிடரி. முழு உடல் எடையும் வேகமும் ஏழு கழுத்து முள்ளெலும்புகளின் மேல் இறங்கும். பிழைக்கான இடம் அரைக்கால் சுற்றுக்கும் குறைவு.

சுழற்சியை முடிக்க நேரம் வேண்டும். நேரம் உயரத்திலிருந்து வருகிறது. உயரம் காலின் உந்துதலிலிருந்து வருகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த பகுதியைப் படிக்க வேண்டும்.

1979 இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தில் விழுந்து முகினாவுக்குக் கால் முறிந்தது. டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் அந்த டிசம்பரில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்புக்கு அவரால் போக முடியவில்லை. அங்கே ருமேனியப் பெண்கள் முதன்முறையாக அணித் தங்கம் வென்றார்கள். சோவியத்துக்கு இரண்டாமிடம். அடுத்த ஆண்டு ஒலிம்பிக்ஸ் சொந்த மண்ணில், அதுவும் தலைநகரில். விளையாட்டு அதிகாரிகள் எப்படிப் பதறியிருப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

முகினாவின் கால் சரியாகக் கூடவில்லை. மறுபடியும் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. ஓய்வு கேட்டார். கிடைக்கவில்லை. கட்டோடும் பயிற்சிக்கு வர வேண்டியிருந்தது. படுத்திருந்த காலத்தில் கூடிய எடையைக் குறைக்கவும் விரட்டினார்கள். ஒரு நாளைக்குப் பலமுறை பயிற்சி, போதாத உணவு, முழுசாக ஆறாத கால். அந்த நிலையில் தன்னால் முடியவில்லை என்பதைவிட, தான் களைத்துப்போயிருப்பது யார் கண்ணிலும் படவில்லை என்பதுதான் அவரை அதிகம் வாட்டியது போலிருக்கிறது, பின்னாளில் அவர் பேசியதைப் பார்த்தால்.

இந்தக் காலோடு, உந்துதலையே முழுசாக நம்பியிருக்கும் ஒரு கரணத்தைக் கற்கச் சொன்னார்கள். காரணம் வெளிப்படை. மாதக்கணக்கில் போட்டியில் இல்லாத முன்னாள் சாம்பியன் பழைய சரக்கோடு திரும்பினால் அணியில் இடம் உறுதியில்லை. பெண்களில் யாருமே செய்யாத ஒன்று கையில் இருந்தால் தேர்வாளர்களால் ஒதுக்க முடியாது. அன்றைய மதிப்பெண் முறையும் ஆபத்துக்கும் புதுமைக்கும் தனி மரியாதை கொடுத்தது. கிளிமென்கோவின் கணக்கில் ஒரு தர்க்கம் இருந்தது என்பதை மறுக்க முடியாது. அந்தக் கணக்கில் கால் மட்டும் இல்லை.

‘இதைச் செய்தால் என் கழுத்து உடைந்துவிடும்’ என்ற அர்த்தத்தில் முகினா அவரிடம் சொன்னார். உன்னைப் போன்றவர்கள் கழுத்தை உடைத்துக்கொள்வதில்லை என்பதுபோல ஒரு பதில் வந்தது. இது முகினாவே 1988இல் ‘ஒகன்யோக்’ இதழுக்குக் கொடுத்த பேட்டியில் சொன்னது. அந்தப் பதிலில் கொடூரத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். எனக்கு அதில் ஒரு பாராட்டும் தெரிகிறது. ‘நீ சாதாரண ஆளா?’ என்கிற தொனி. மிரட்டலை எதிர்த்துவிடலாம். இந்த மாதிரிப் பாராட்டை ஒரு 20 வயதுப் பெண் எப்படி எதிர்ப்பாள்? அவருடைய பயம் ஒரு தகவலாகக் கேட்கப்படவே இல்லை. அது மன பலவீனத்தின் கணக்கில் எழுதப்பட்டது.

ஜூலை 3

சம்பவ நாளில் கிளிமென்கோ மின்ஸ்கில் இல்லை. மாஸ்கோவுக்குப் போயிருந்தார். ஒலிம்பிக்ஸ் அணியில் முகினாவின் இடம் ஆட்டம் கண்டிருந்ததால் அதைக் காப்பாற்றப் போனார் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் விவரம். ஆக, அந்தக் கரணத்தைத் தேர்ந்தெடுத்தவர், அவருடைய காலின் நிலையை அருகிலிருந்து அறிந்தவர், அன்றைக்கு அரங்கிலேயே இல்லை. முகினா பயிற்சியைத் தொடர்ந்தார். தேசிய அணியின் மற்றப் பயிற்சியாளர்கள் அங்கே இருந்தார்கள்.

அன்று அவர் தாமஸ் கரணத்தைத் தவிர்த்திருக்க முடியாதா என்று இன்றைக்குக் கேட்பது சுலபம். தேர்வு நெருங்குகிறது. முகாமில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தயக்கம் காட்டினால் அதுவே ஒரு குறையாகக் கணக்கில் சேரும். உந்தினார். கால் போதுமான அளவு கொடுக்கவில்லை.

விழுந்த கணத்தில் தனக்குத் தோன்றிய முதல் எண்ணத்தையும் அவர் பேட்டியில் சொன்னார்: அப்பாடா, இனி ஒலிம்பிக்ஸுக்குப் போக வேண்டியதில்லை. ஒரு உலகச் சாம்பியனின் மனதில், தரையில் அசையாமல் கிடக்கும்போது, வலியும் பயமும் வருவதற்கு முன்னால் நிம்மதி வந்திருக்கிறது. அந்த முகாமின் நிலைமைக்கு இதைவிட ஒரு மருத்துவ அறிக்கை தேவையில்லை.

16 நாள் கழித்து மாஸ்கோவில் ஒலிம்பிக்ஸ் கோலாகலமாகத் தொடங்கியது. அமெரிக்கா தலைமையில் பல நாடுகள் புறக்கணித்த ஒலிம்பிக்ஸ் அது. சோவியத் பெண்கள் அணி தங்கம் வென்றது. ஒட்டுமொத்தத் தங்கம் எலேனா டேவிடோவாவுக்கு. முகினா இல்லாமலேயே எல்லாம் நடந்து முடிந்தது. அவரை வைத்துத்தான் ஜெயிக்க முடியும் என்ற நிலை எப்போதுமே இருக்கவில்லை.

மறைத்ததன் விளைவு

விபத்தைப் பற்றி அதிகாரிகள் வெளியே விவரமாக எதுவும் சொல்லவில்லை. காயம் எவ்வளவு தீவிரம், என்ன கரணம், யார் பொறுப்பு என்ற எதற்கும் அன்றைய சோவியத் மக்களுக்குப் பதில் கிடைக்கவில்லை. ஊர் முழுக்க வதந்தி. மேற்கத்தியப் பத்திரிகைகளில் அரைகுறைச் செய்தி. அரசு விருது கொடுத்தார்கள், ஓய்வூதியம் கொடுத்தார்கள். 1980களின் தொடக்கத்தில் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவர் சமராஞ்ச் வெள்ளி ஒலிம்பிக் விருதை அவருக்கு வழங்கினார். பட்டயங்களுக்குக் குறைவே இல்லை.

மறைத்ததற்கு ஒரு விசித்திரமான விளைவு இருந்தது. ரசிகர்களிடமிருந்து கடிதங்கள் வந்தபடி இருந்தன. அடுத்து எப்போது போட்டிக்குத் திரும்புவீர்கள் என்று கேட்டு! படுக்கையில், விரலைக்கூட முழுசாக அசைக்க முடியாத பெண்ணிடம். முகினாவை இது ஆழமாகக் குத்தியது. அவர் ரசிகர்களைத் திட்டவில்லை. அவர்களை அப்படி நம்பவைத்த அமைப்பைத்தான் குற்றம் சொன்னார். எலும்பு முறிந்தவன் மைதானத்துக்குத் திரும்புகிறான், தலையில் அடிபட்டவன் ஐஸ் ஹாக்கி களத்துக்குத் திரும்புகிறான் என்று வீரக்கதைகளாகவே கேட்டுப் பழகிய ஜனங்கள், முகினாவும் திரும்பி வருவார் என்று எதிர்பார்த்ததில் ஆச்சரியம் என்ன? எதற்காக இதெல்லாம், மேலிடத்துக்குக் கொடுத்த வேலை முடிந்தது என்று அறிக்கை அனுப்பவா என்ற அர்த்தத்தில் கேட்டார்.

எட்டு ஆண்டு கழித்துத்தான் இவ்வளவும் அச்சில் வந்தது. கோர்பச்சேவ் காலத்தின் திறந்த காற்றில், முன்பு எழுத முடியாததையெல்லாம் ‘ஒகன்யோக்’ எழுதிக்கொண்டிருந்த நேரம். பேட்டியில் அவர் தன்னையும் விட்டுவைக்கவில்லை. நம்பிக்கை வைத்தவர்களை ஏமாற்றக் கூடாது, நாயகியாக வேண்டும் என்று முட்டாள்தனமாக ஆசைப்பட்டேன் என்றார். இந்தத் தற்கண்டனத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் எண்ணம். 14 வயதிலிருந்து கீழ்ப்படிதலை மட்டுமே திறமையாகக் கற்றுக்கொடுத்துவிட்டு, 20 வயதில் ஏன் கீழ்ப்படிந்தாய் என்று அவளையே கேட்கவைப்பது என்ன நியாயம்?

26 ஆண்டுகள்

கழுத்துப் பகுதியில் தண்டுவடம் சேதமானால் கால் நடக்காது என்பதோடு முடிவதில்லை. உடைந்த இடத்துக்குக் கீழே மூளையின் கட்டளை போகாது, உணர்ச்சியும் மேலே வராது. கை, விரல், இருமல், சிறுநீர், உடல் வெப்பம் எல்லாமே பாதிக்கப்படும். படுக்கைப் புண், நுரையீரல் தொற்று, சிறுநீரகக் கோளாறு மூன்றும் வாழ்நாள் முழுக்க வாசலில் காத்திருக்கும். 1980களின் மாஸ்கோவில் சக்கர நாற்காலிக்கு ஏற்ற கட்டடமோ தெருவோ கிடையாது என்றே சொல்லலாம். வீடுதான் உலகம்.

அந்த வீட்டைத் தாங்கியது பாட்டி. ஒரு குழந்தையை வளர்த்து ஆளாக்கி, உலகச் சாம்பியனாகவும் பார்த்துவிட்டு, முதுமையில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார் அன்னா இவானோவ்னா. ஊட்டுவது, குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம். பாட்டியின் உடம்பு தளர்ந்த பிறகு முன்னாள் ஜிம்னாஸ்ட் ஒருவர் வந்து கவனித்துக்கொண்டார். அரசு மறந்துபோனதைத் தோழமை செய்தது.

பல வருஷ முயற்சியில் நாற்காலியில் உட்காரவும், கரண்டியைப் பிடிக்கவும், சிறிது எழுதவும் முடிந்தது. தண்டுவடம் அடிபட்டு மீண்ட சர்க்கஸ் வீரர் வாலன்டின் டிகுல் உருவாக்கிய கடுமையான உடற்பயிற்சி முறையையும் முயன்றார். உடல் தாங்கவில்லை, விட்டுவிட்டார். மறுபடியும் நடந்துகாட்டுவேன் என்ற வைராக்கியக் கதை அவரிடம் இல்லை. அப்படியொரு கதையைத்தான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள், கடிதம் போட்ட ரசிகர்கள் உட்பட. தன் நிலைமையை ஏற்றுக்கொண்டு வேறு மாதிரி வாழப் பழகுவதுதான் தனக்கு உதவியது என்று அவர் சொன்னார். நிறையப் படித்தார். நம்பிக்கை, மதம் பக்கம் மனம் திரும்பியது. பேட்டி கேட்டு வந்தவர்களில் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பினார். ஜிம்னாஸ்டிக்ஸை மட்டும் தொடர்ந்து கவனித்தார், அவ்வப்போது அதைப் பற்றி எழுதவும் செய்தார். அந்த விளையாட்டின் மேல் அவருக்கு வெறுப்பு வரவில்லை. இது எனக்கு இன்றைக்கும் முழுசாகப் பிடிபடாத ஒன்று.

கிளிமென்கோ பின்னாளில் இத்தாலிக்குப் போய் அங்கே பயிற்சி கொடுத்தார். விபத்தால் அவரும் உடைந்துபோனார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் பழி முழுவதையும் அவர் தலையில் கட்டினால் நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்கள் நிறையப் பேர். கால் கூடவில்லை என்று தெரிந்தும் தேர்வுப் பட்டியலில் பெயரை வைத்தவர்கள், கட்டோடு பயிற்சி நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர்கள், ஆபத்துக்கு மதிப்பெண் கொடுத்த விதிப்புத்தகம், உருண்டு முடியும் கரணத்தைக் கண்டு கைதட்டிய நாம்.

விதி மாறியது, பாதி

பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் தாமஸ் கரணம் பிறகு தடை செய்யப்பட்டது. நியாயம்தான். ஆனால் ஆண்கள் அதையும் அதன் குடும்பத்தைச் சேர்ந்த மற்றக் கரணங்களையும் 2016 ரியோ ஒலிம்பிக்ஸ் வரை செய்துகொண்டிருந்தார்கள். அதற்கு அடுத்த விதிப்புத்தகத்தில்தான் அவை நீக்கப்பட்டன. ஆண்களின் கழுத்தெலும்பும் அதே ஏழுதான். ஒரு பெண் விழுந்ததால் பெண்கள் செய்யக் கூடாது என்று முடிவு கட்டியது, ஆபத்தைப் பற்றிய பாடமாக இல்லாமல் பெண்களைப் பற்றிய பாடமாக எடுத்துக்கொள்ளப்பட்டதைத்தான் காட்டுகிறது.

ஆபத்தான அசைவுகள் அதோடு ஒழிந்துவிடவும் இல்லை. நம் ஊர் ரசிகர்களுக்குத் தெரிந்த உதாரணம், 2016 ரியோவில் தீபா கர்மாகர் செய்த புரொடுனோவா வால்ட். ஓடிவந்து, தாண்டும் மேசையைக் கைகளால் உந்தி எழுந்து காற்றில் இரண்டு முன்கரணம். சுழற்சி குறைந்தால் கழுத்துக்கே ஆபத்து. அதைச் செய்துதான் அவர் நான்காவது இடம் பிடித்தார். கொண்டாடினோம். இவ்வளவு ஆபத்தானதைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் எங்கிருந்து வந்தது என்று அப்போது அதிகம் பேசவில்லை. பெரிய கட்டமைப்பு இல்லாத நாட்டிலிருந்து வருபவருக்கு, கடினத்தன்மைக்குக் கிடைக்கும் மதிப்பெண் ஒன்றுதான் குறுக்கு வழி. 1980இல் இடம் பறிபோகும் நிலையில் இருந்த முகினாவின் கணக்கும் இதேதான். தீபாவின் கால்கள் நல்ல நிலையில் இருந்தன, அந்த வால்ட்டை ஆயிரக்கணக்கான முறை பழகியிருந்தார். வித்தியாசம் அங்கே இருக்கிறது.

இது சோவியத்தின் நோய் மட்டும்தான் என்று நினைத்தால் 1996 அட்லான்டா ஒலிம்பிக்ஸைப் பார்க்க வேண்டும். முதல் வால்ட்டில் கணுக்கால் அடிபட்ட கெர்ரி ஸ்ட்ரக் இரண்டாவது முறையும் ஓடிவந்து குதித்தார், ஒற்றைக் காலில் நின்றுகாட்டிவிட்டு விழுந்தார். அமெரிக்கா அதை வீரத்தின் சின்னமாகவே மாற்றியது. அந்த இரண்டாவது வால்ட் இல்லாமலேயே அமெரிக்க அணிக்குத் தங்கம் கிடைத்திருக்கும் என்பது கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு தெரிந்தது.

2021 ஜூலை 27, டோக்கியோ. அணி இறுதிப்போட்டியில் சிமோன் பைல்ஸ் ஒரு வால்ட் செய்தார். காற்றில் இரண்டரைத் திருகல் போட வேண்டியவர் ஒன்றரையோடு இறங்கினார். தன் உடல் காற்றில் எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாமல் போய்விட்டது. விலகிக்கொண்டார். அமெரிக்காவுக்கு வெள்ளி. திட்டியவர்கள் ஏராளம். கோழை என்றுகூட எழுதினார்கள். ஆனால் யாரும் அவரை அடுத்த கருவிக்குத் தள்ளவில்லை. ஒரு வாரம் கழித்து பீமில் மட்டும் இறங்கி வெண்கலம் வாங்கினார்.

பைல்ஸையும் முகினாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காலம் மாறிவிட்டது என்று முடிப்பது பலருக்கும் பிடிக்கிறது. எனக்கு அவ்வளவு உறுதியில்லை. ரியோவில் நான்கு தங்கம் வென்று, உலகமே பெயர் அறிந்த நிலையில், அணியில் இடத்தைப் பற்றிய கவலையே இல்லாத ஒருவர் சொன்ன ‘முடியாது’ அது. முகினாவும் உலகச் சாம்பியன்தான், இரண்டே வருஷத்துக்கு முன்னால். ஒரு கால் முறிவு போதும், அந்தப் பட்டம் அவருக்குப் பேச்சுரிமை தருவதை நிறுத்திவிட்டது. இன்றைக்கும் ஏதோ ஒரு நாட்டின் தேர்வு முகாமில், பட்டியலின் கடைசி இடத்துக்குப் போராடும், முழுசாக ஆறாத காலுள்ள, பெயர் தெரியாத ஒரு 17 வயதுப் பெண் இதே வார்த்தையைச் சொன்னால் அவளுடைய பெயர் பட்டியலில் இருக்குமா என்பதை வைத்துத்தான் மின்ஸ்கிலிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று அளக்க முடியும். அந்த முகாம்களின் கதவு பெரும்பாலும் சாத்தித்தான் இருக்கிறது.